இருபத்தேழு அங்குலத்துக்கு மேல்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆறு மெக்சிகோ வளைகுடாவில் கலக்கும் சதுப்பு நிலத்தில், ரெட்ஃபிஷ் என்ற மீனைப் பிடிக்க ஒரு வழிகாட்டியை ஏற்பாடு செய்வது பெரிய காரியமில்லை. தொலைபேசியில் நாள் கேட்க வேண்டும். முன்பணம் கட்ட வேண்டும். எத்தனை பேர், தூண்டில் பிடித்துப் பழக்கமுண்டா, நெடுநேரம் நிற்க முடியுமா என்று கேட்பார். கடலோரக் காவல்படை தரும் சிறு படகு உரிமத்தில் பயணிகள் ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது. கோல் ஊன்றித் தள்ளும் தட்டைப் படகிலோ இரண்டு பேர் நின்றாலே இடம் சரியாகிவிடும். தூண்டில், இரை, ஐஸ் பெட்டி எல்லாம் அவருடையவை. பிடித்த மீனைச் சுத்தம் செய்தும் தருவார். நம் பங்குக்குத் தொப்பி, குடிதண்ணீர், மீன்பிடி உரிமம், நீரின் பளபளப்பை அடக்கும் கறுப்புக் கண்ணாடி, இவை போதும். முடிவில் கட்டணத்துக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு வரை கையில் வைப்பது அங்கே வழக்கம்.

ஹூஸ்டனில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஓர் அக்டோபர் நாளை இப்படித்தான் பதிவு செய்தான். "மாமா, நீங்க சும்மா உட்கார்ந்து பாருங்க, அது போதும்" என்று என்னையும் சேர்த்துக்கொண்டான். ஸ்பீக்கரில் பேசியதால் வழிகாட்டியின் குரல் எனக்கும் கேட்டது. எவ்வளவு பெரிய மீன் கிடைக்கும் என்று இவன் கேட்டான். பெரியது கிடைக்கலாம், ஆனால் இருபத்தேழு அங்குலத்துக்கு மேல் போனால் அது உங்களுடையது இல்லை, தண்ணீருக்கே திரும்பிவிடும் என்றார் அவர். அதில் வருத்தமோ பெருமையோ தெரியவில்லை. கோயில் நடை எத்தனை மணிக்குச் சாத்துவார்கள் என்று கேட்டவனுக்கு நேரம் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு, எத்தனை மணிக்குத் துறைக்கு வர வேண்டும் என்பதற்குப் போய்விட்டார். என் மனம் மட்டும் அந்த அளவுகோலிலேயே நின்றுவிட்டது. பணம் கட்டி, ஐந்து மணி நேரத்துக்கு மேல் கார் ஓட்டிப் போய், ஆசைப்பட்டதிலேயே பெரியது எதுவோ அதை விட்டுவிட்டு வருவதற்கு ஒருவன் முன்கூட்டியே சம்மதிக்கிறான்.

பதிவில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. வளைகுடாவின் அந்தக் கரையில் பெரும்பாலும் நாளுக்கு ஒருமுறைதான் ஓதம் ஏறி இறங்கும். அதுவும் ஓரடி, ஒன்றரை அடி. ஓதத்தைவிட அங்கே காற்றுக்குத்தான் அதிகாரம். குளிர்காற்று வடக்கிலிருந்து அடித்தால் சதுப்பிலுள்ள நீரையெல்லாம் கடலுக்குத் தள்ளிவிடும். முந்தின நாள் படகு போன இடத்தில் சேறு தெரியும். ஆகவே முதல் நாள் மாலைதான் உறுதி சொல்வார்கள். காற்று கெட்டுப்போனால் வேறு நாள். இதில் தத்துவம் சொல்ல எனக்கும் ஆசை வந்தது. காற்று நன்றாக இருந்துவிட்டதால் தப்பித்தீர்கள்.

நியூ ஆர்லியன்ஸிலிருந்து கிழக்கே, செயின்ட் பெர்னார்ட் பகுதியில் ஹோப்டேல் என்றொரு சிற்றூர். சாலை அங்கே முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் உப்பங்கழியும் புல்லும்தான். இடுப்பளவு வளரும் அந்தப் புல்லின் வேர்தான் சேற்றைப் பிடித்து வைத்திருக்கிறது. வேர் போனால் நிலம் போய்விடும், போய்க்கொண்டும் இருக்கிறது. 1932 முதல் 2016 வரை லூசியானாக் கரை இழந்த நிலம் 4,800 சதுர கிலோமீட்டருக்கு மேல். ஆற்றுக்குக் கரை கட்டியதால் புது வண்டல் வரவில்லை. எண்ணெய்க் கம்பெனிகள் வெட்டிய கால்வாய்கள் வழியே உப்பு உள்ளே ஏறியது. 2005இல் கத்ரீனா, 2021இல் ஐடா என்று புயல்களும் தம் பங்கைக் கொண்டுபோயின. படகின் திரையிலிருந்த வரைபடத்தில் நாங்கள் நிலத்தின்மேல் போய்க்கொண்டிருந்தோம். வெளியே நான்கு புறமும் தண்ணீர். வழிகாட்டி அதைச் சுட்டிக் காட்டிவிட்டு எஞ்சினை நிறுத்தினார்.

அதன்பின் அவர் பின்புறத்து மேடையில் ஏறி, நீண்ட கோலை ஊன்றிப் படகைத் தள்ளத் தொடங்கினார். சத்தம் கேட்டால் மீன் போய்விடும். ஐஸ் பெட்டியின் மூடியை ஓங்கிச் சாத்தினாலும் போய்விடும். பெரிய மனிதர் மூவர், பேச்சு இல்லாமல், ஒரு முழ ஆழத் தண்ணீரில் நகர்ந்துகொண்டிருந்தோம். அவ்வப்போது மேலேயிருந்து மெல்லிய குரல் வரும்: "பதினோரு மணி, நாற்பது அடி." படகின் முகப்புதான் பன்னிரண்டு மணி. நாங்கள் அந்தத் திசையில் பார்ப்போம். மேகம் தெரியும், புல்லின் நிழல் தெரியும், மீன் தெரியாது. அவர் அலுத்துக்கொள்ளவே இல்லை. தண்ணீரில் ஓரிடம் மட்டும் காற்றுக்கு எதிராக அசைகிறதே, அதைப் பாருங்கள் என்பார். கொஞ்ச நேரத்தில் செம்பு நிறத்தில் ஒரு வால், நுனியில் நீல விளிம்போடு, தண்ணீருக்கு மேலே எழுந்து ஆடும். தலையைச் சேற்றில் குத்திக்கொண்டு நண்டு தேடுகிறது மீன். வாலடியில் ஒரு கரும்புள்ளி, கண்ணைப் போலவே. துரத்தி வரும் பிராணி தலையென்று நினைத்து வாலைக் கவ்வ, மீன் பிழைத்துப் போகும் என்பது இயற்கை ஆய்வாளர்களின் ஊகம்.

நாம் கத்தாழை என்று சொல்லும் மீன்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. ரெட் டிரம் என்பது இதன் இன்னொரு பெயர். இனப்பெருக்க காலத்தில் ஆண்மீன் காற்றுப்பையைச் சுற்றியுள்ள தசைகளை அதிரவைத்துப் பறையடிப்பதுபோல ஒலி எழுப்பும். நாங்கள் போனது அந்தப் பருவத்தின் பின்பகுதி. ஆகஸ்டு தொடங்கிக் கடலும் கழியும் சேருமிடங்களில் அவை கூடுகின்றன. பெண்மீன் ஒரே முறையில் லட்சக்கணக்கில் முட்டையிடும். ஏறக்குறைய ஒரு நாளில் பொரித்துவிடும் குஞ்சுகளை நீரோட்டமே புல்லுக்குள் கொண்டுவந்து சேர்க்கிறது. மூன்று நான்கு ஆண்டுகள் கழியிலே வளர்ந்து, அந்த இருபத்தேழு அங்குலத்தை ஒட்டிப் பருவமெய்திக் கடலுக்குப் போகிறது. அங்கே நாற்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. அளவுகோலில் குறித்த அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பவை எல்லாம் தாயும் தகப்பனும்.

அவற்றுக்கு ஆபத்து வந்தது ஒரு சமையல் ருசியால். நியூ ஆர்லியன்ஸில் பால் புருடோம் என்ற புகழ்பெற்ற சமையல்காரர், ரெட்ஃபிஷ்ஷை வெண்ணெயில் தோய்த்து, மசாலா தடவி, கனலும் இரும்புச் சட்டியில் போட்டுக் கருக எடுத்தார். 1980களில் அமெரிக்கா முழுவதும் அந்த ருசி பற்றிக்கொண்டது. ஆழ்கடலில் திரியும் முதிர்ந்த மீன்கூட்டங்களைச் சுருக்குவலைப் படகுகள் வளைத்து வளைத்து அள்ளின. 1986இல் மத்திய அரசு அவசரமாகக் குறுக்கிட்டது. 1988இல் லூசியானா மாநிலம் இந்த மீனைத் தூண்டில்காரர்களுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிட்டது. ஆழ்கடலில் பிடிப்பதும் நின்றது. சமைத்தவர்மேல் எனக்குக் கோபமில்லை. நாக்குக்கு எப்போதும் இன்னொரு துண்டு வேண்டும், அவ்வளவுதான்.

அதன்பிறகும் கதை முடியவில்லை. மனிதன் கைவைக்காதிருந்தால் எத்தனை இளமீன்கள் கடல் சேருமோ, அதில் 30 சதவீதமாவது சேர வேண்டும் என்று அந்த மாநிலம் ஓர் இலக்கு வைத்திருக்கிறது. அது எட்டாமல் போகவே 2024 ஜூனில் விதியை இறுக்கினார்கள். 18 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் விட வேண்டும், 27க்கு மேலே இருந்தாலும் விட வேண்டும். இடைப்பட்டதில் ஒருவருக்கு நாளொன்றுக்கு நான்கு. அதற்குமுன் பெரியதில் ஒன்றை வைத்துக்கொள்ள முடிந்தது. இப்போது அதுவும் இல்லை. வாடிக்கையாளரோடு போகும் வழிகாட்டி தன் பங்கென்று ஒரு மீன்கூட எடுக்கக் கூடாது. நாள் முழுதும் கோல் ஊன்றி, கண் கூசக் கூசத் தேடி, மீனைக் காட்டிக் கொடுப்பவர் அவர். அதில் எதுவும் அவருக்கு இல்லை.

வெயில் ஏறியபோது பெரிய மீன் ஒன்று மாட்டியது. தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. நரம்பு கீச்சிட்டுக்கொண்டு ஓடியது. அக்கா மகன் என்னைக்கூட மறந்துவிட்டான். படகருகே வந்ததும் வழிகாட்டி முதலில் தன் கைகளைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டார். காய்ந்த கை பட்டால் மீனின் மேலுள்ள வழுவழுப்பு போய், நோய் பற்றும். இரு கைகளாலும் வயிற்றைத் தாங்கித் தூக்கினார். அளவுப் பலகையில் வைக்கத் தேவையே இல்லை. ஒரு படம். பிறகு அதை நீரோட்டத்துக்கு எதிர்முகமாகப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். செவுள் இரண்டு மூன்று முறை திறந்து மூடியது. வால் அவர் மணிக்கட்டில் பலமாக அடித்தது. பிடியைத் தளர்த்திவிட்டார்.

எனக்கு அதிபத்தர் நினைவுக்கு வந்தார். நாகப்பட்டினத்து நுளைப்பாடிப் பரதவர் தலைவர். வலையில் விழும் முதல் மீன் சிவனுக்கு என்று தினமும் கடலிலேயே விட்டவர். ஒரே ஒரு மீன் மட்டும் விழுந்த வறண்ட நாள்களிலும் அதை விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினார். சுற்றம் பசித்தது, அவர் உடலும் மெலிந்தது. கடைசியில் பொன்னும் மணியுமாக ஒரு மீன் விழுந்தது. உலகத்தையே விலைக்கு வாங்கக்கூடிய அதையும் அவர் விட்டார். சேக்கிழார் இதைப் பெரியபுராணத்தில் பாடியிருக்கிறார். ஆவணி ஆயில்யம் அவருடைய குருபூசை நாள்.

ஆனால் ஒப்பிடக் கூச்சமாக இருந்தது. அதிபத்தரிடம் யாரும் அளவுகோல் கொடுக்கவில்லை. அபராதம் என்று மிரட்டவில்லை. அவர் விட்டது அன்பினால். இங்கே விடுவது சட்டத்தினால். தவிர, அவருக்கு மீன்பிடி ஜீவனம், எங்களுக்கோ விடுமுறை. பசியில்லாதவன் ஒரு உயிரை முள்ளில் மாட்டி, இழுத்துப் பார்த்து, படம் எடுத்து, பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன் என்கிறான். விடப்பட்டவற்றில் சில பிறகு செத்துப்போகின்றன என்பதைக் கணக்குப் போடும் அதிகாரிகளே ஒப்புக்கொள்கிறார்கள். பயிர் வாடியதைக் கண்டு வாடிய வள்ளலாரைப் படித்த மனம் இதை எளிதில் விழுங்காது. "விட்டுடறோமே மாமா" என்றான் அவன், என் முகத்தைப் பார்த்துவிட்டு. உண்மைதான். ஆனாலும் உண்பதற்காக எடுக்கும் மீனைவிட, படத்துக்காக இழுத்துவிட்டு அனுப்பும் மீன்தான் என்னை அதிகம் உறுத்தியது. இன்றும் அப்படித்தான்.

இருந்தும் வழிகாட்டியின் நனைந்த கைகளை என்னால் ஒதுக்கிவிட முடியவில்லை. சைவத்தில் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி சொல்வார்கள். முதற்படியான சரியை உடம்பால் செய்வது: கோயில் பெருக்குவது, பூத்தொடுப்பது, அப்பர் பெருமானைப் போல உழவாரம் கொண்டு புல் செதுக்குவது. பெருக்குகிறவனிடம் உனக்குப் பக்தி இருக்கிறதா என்று யாரும் பரீட்சை வைப்பதில்லை. கை பெருக்கட்டும், மனம் தன் நேரத்தில் வரும். சட்டத்துக்கு அஞ்சி விடுகிறவனும் விடுகிறான்தான். ஆண்டுக்கணக்கில் அப்படி விட்டுவிட்டு, நனைத்த கையோடு மீனை ஏந்த ஒரு கை பழகிவிட்டால், அந்தக் கைக்குரியவனுக்குள் ஏதும் நடக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? நனைத்துக்கொள்ளச் சொல்லி அவரை எந்த அதிகாரியும் அங்கே மேற்பார்க்கவில்லை. வால் அடிக்கும்வரை காத்திருக்கவும் யாரும் சொல்லவில்லை. சட்டம் கேட்டது விடுவதை மட்டும். மற்றதெல்லாம் அவர் தாமாகச் சேர்த்துக்கொண்டது.

இதைச் சொன்னால் அவர் சிரிப்பார். தாய்மீன் போனால் அடுத்த வருஷம் எனக்கு வாடிக்கையாளர் இல்லை என்பார். அதுவும் சரிதான். தன்னலமும் பணிவும் ஒரே கையில் இருக்க முடியாது என்று எழுதி வைத்தவர் யார்?

மதியத்துக்கு மேல் இன்னொன்று மாட்டியது. இதைப் பலகையில் வைத்து, வாலைச் சேர்த்துப் பிடித்து அளந்தார். இருபத்துமூன்று அங்குலம். இது உங்கள் விருப்பம் என்று சொல்லி, மீனை ஈரத் துணியில் ஏந்திக்கொண்டு இவனைப் பார்த்தார். எடுக்கலாம் என்று சட்டம் சொல்லிவிட்டால் கை தானாகவே ஐஸ் பெட்டிக்குப் போய்விடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவனோ தயங்கி என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு இதைச் சமைக்கத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"செதிலோடயே கிரில்லில் போட்டுடுவாங்களாம் மாமா. சதை மேல் பக்கம் இருக்கும், அடியில் செதில் கருகினாலும் உள்ளே பூப்போல வெந்துடுமாம்."

"வீணாக்காமல் சாப்பிடுவாயா?"

"ராத்திரியே சாப்பிட்டுடலாம். நீங்களும் சாப்பிடணும்."

சரி என்றேன். வழிகாட்டி பெட்டியைத் திறந்தார்.