உடல்வரைபடத்தின் கீழே யார் பெயர்?

ஆள் உயரத்துக்கு ஒரு காகிதத்தைத் தரையில் விரிக்கிறார்கள். நீங்கள் அதன்மேல் படுத்துக்கொள்ள, இன்னொருவர் உங்கள் உடம்பைச் சுற்றி மார்க்கரால் கோடு இழுக்கிறார். எழுந்து பார்த்தால் கீழே முகமில்லாமல் நீங்கள் கிடக்கிறீர்கள். அந்தக் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை அடுத்து வரும் நாட்களில் நீங்களே வரைய வேண்டும்: எது தழும்பு, எங்கே வலி, பலம் எந்த இடத்தில், எங்கிருந்து வந்தீர்கள், எங்கே போகப்போகிறீர்கள். இதற்குப் பெயர் பாடி மேப்பிங். 'வலி ஒன்றிலிருந்து பத்துக்குள் எவ்வளவு?' என்று கேட்டுக் கிடைக்காத பதில் இதில் கிடைக்கும் என்பதால், சுகாதார ஆய்வாளர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதன் இன்றைய வடிவம் 2002இல் கேப் டவுனை ஒட்டிய கயேலிட்ஷாவில் உருவானது. அங்கே உளவியலாளர் ஜோனதன் மார்கனின் நினைவுப்பெட்டித் திட்டம் நடந்துகொண்டிருந்தது. எச்.ஐ.வி. உள்ள தாய்மார்கள் தங்கள் கதையை ஒரு பெட்டியில் வைத்துப் பிள்ளைகளுக்கு விட்டுப்போவது அதன் தொடக்கம். தபோ எம்பெக்கியின் அரசு மருந்து தர மறுத்துக்கொண்டிருந்த காலத்தில், 2001இல், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு அங்கே கூட்டு மருந்துச் சிகிச்சையை ஆரம்பித்தது. சாவுக்குத் தயாரானவர்களுக்குத் திடீரென்று எதிர்காலம் என்று ஒன்று வந்துவிட்டது. ஓவியர் ஜேன் சாலமன் பம்பனானி பெண்கள் குழுவோடு உட்கார்ந்து உடல்வரைபடங்கள் செய்தது அப்போதுதான். அவை 2003இல் 'லாங் லைஃப்' என்ற புத்தகமாக வந்தன.

அந்தப் புத்தகத்தில் அந்தப் பெண்கள் தங்கள் பெயரோடும் முகத்தோடும் இருக்கிறார்கள். இது சின்ன விஷயமில்லை. 1998 டிசம்பரில், எச்.ஐ.வி. இருப்பதை வெளியே சொன்ன சில நாட்களிலேயே டர்பன் அருகே குகு ட்லாமினி அடித்துக் கொல்லப்பட்டிருந்தார்.

நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் அடையாளத்தை மறைப்பது சுலபம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. பெயர், போன் நம்பர், பிறந்த தேதி என்று மூன்று பத்திகளை அழித்துவிட்டால் தரவு சுத்தம். (சுத்தம் இல்லை என்பதும் எங்களுக்குத் தெரியும். அது வேறு கதை.) உடல்வரைபடத்தில் எந்தப் பத்தியை அழிப்பீர்கள்? கோடே அந்த ஆளின் அளவு. தழும்பு அவள் தழும்பு. பல பட்டறைகளில் உள்ளங்கையில் சாயம் பூசிக் காகிதத்தில் பதிக்கவும் சொல்வார்கள். ஆதாரில் நாம் விரல்ரேகையைத்தானே அடையாளம் என்கிறோம்? எல்லாவற்றையும் மறைத்து 'பங்கேற்பாளர் 7' என்று எழுதினால், படம் வரைந்தவள் தன் படத்திலிருந்தே வெளியேற்றப்படுகிறாள். ஆய்வாளரின் பெயர் மட்டும் அட்டையில் இருக்கும்.

அப்படியென்றால் எல்லோருக்கும் பெயர் போட்டுவிடலாமா? டொரன்டோவில் டெனிஸ் கஸ்டால்டோவும் குழுவினரும் இதே முறையை ஆவணமற்ற தொழிலாளர்களோடு செய்தார்கள். தன் வாயால் சொன்ன சிறு வாழ்க்கைக்கதை, உடல்வரைபடம், ஒவ்வொரு குறியீட்டுக்கும் வரைந்தவர் சொன்ன விளக்கம் என்று மூன்றும் சேர்ந்ததுதான் அவர்களுக்கு ஒரு முழுக் கதை. விளக்கத்தை வரைந்தவரிடமே விட்டது எனக்குப் பிடித்திருக்கிறது. சிவப்பைப் பார்த்ததும் 'கோபம்' என்று நாமாக எழுதிக்கொள்ள முடியாது. ஆனால் அங்கே ஒரு பெயர் வெளியே வந்தால் நாடு கடத்தல்தான்.

கயேலிட்ஷாவில் விடுதலையாக இருந்த அதே பெயர் டொரன்டோவில் பொறி. ஆகவே முடிவை வரைந்தவரிடமே விடுங்கள் என்று சொல்லத் தோன்றும். எனக்கும் தோன்றியது. சிக்கல், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும் நேரத்தில் இருக்கிறது. முதல் நாள் காலையில், காகிதம் வெறுமையாக இருக்கும்போதே வாங்கிவிடுகிறார்கள். வயிற்றுக்குள் என்ன வரையப்போகிறோம் என்று அப்போது அவளுக்கே தெரியாது. மூன்றாம் நாள் மத்தியானம், கை தன்னிஷ்டத்துக்கு ஒன்றை வரைந்த பிறகுதான் அவள் எதற்குச் சம்மதித்தாள் என்பதே தெரியவரும். அதனால் முடிந்த படத்துக்கு முன்னால் உட்கார்ந்து இன்னொரு முறை கேட்க வேண்டும். 'வேண்டாங்க, இதை யாருக்கும் காட்டாதீங்க' என்று அவள் சொன்னால், ஆய்வில் ஓட்டை விழுந்தாலும் படத்தை எடுத்துவிட வேண்டும் என்பேன்.

எடுத்து எங்கே வைப்பது? 'உன்னுடையது, நீயே கொண்டு போ' என்பது நியாயமாகத்தான் கேட்கிறது. ஆனால் மாமியாரும் பிள்ளைகளும் படுக்கிற ஒற்றை அறைத் தகர வீட்டில், உடம்பெல்லாம் வைரஸ் புள்ளிகள் வைத்த ஆள் உயரப் படத்தை அவள் எந்தச் சுவரில் மாட்டுவாள்? சுருட்டி வைத்தாலும் நீட்டிக்கொண்டு நிற்கும்.