நம்ம ஆள்தானே, எழுத்து எதுக்கு?

பழைய காடி ஒன்று கை மாறும்போது நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஜாசின், மெர்லிமாவ், தெபோங் என்று எந்தப் பக்கம் போனாலும் கேட்கலாம். விலை பேசி, பணத்தை எண்ணி, சாவியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். “ஒரு தாளில் எழுதிக்கலாமா?” என்று யாராவது கேட்டால் முகம் சுருங்கும். “என்ன, என்மேல நம்பிக்கை இல்லையா?”

நம்பிக்கை இருக்கும் இடத்தில் கையெழுத்து கேட்பது அவமரியாதையா? நான் பொறியியல் படிக்கும் மாணவன். என்னோடு படிக்கிறவர்களில் பலர் இப்போது பழைய வண்டி தேடிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் இந்தக் கேள்வி எங்களுக்கு வெறும் பட்டிமன்றத் தலைப்பு அல்ல.

முதலில் நடைமுறையைப் பார்ப்போம். சாவி கை மாறினால் வண்டி போய்விடும், ஆனால் ஜேபிஜே பதிவில் பழைய பெயரே நிற்கும். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, வண்டி கை மாறிய 7 நாள்களுக்குள் விற்றவர் அதைத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் தம் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். காடியைப் புஸ்பாகோம் போன்ற மையத்தில் சோதித்து, வாங்குபவர் பெயரில் காப்புறுதி எடுத்து, பெயர் மாற்றத்தை முடிக்க வேண்டும். பழைய காப்புறுதி வண்டியோடு சேர்ந்து தானாகப் புதியவருக்குப் போகாது.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர், தம்முடைய பழைய புரோட்டோன் சாகாவைக் கோயிலில் கூட வேலை செய்யும் ஒரு பையனுக்கு விற்றார். “அடுத்த வாரம் பேர் மாத்திக்கிறேன் மாமா” என்றான் பையன். அதற்குள் ஜொகூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அங்கே அவன் வண்டியை இன்னொருவருக்குத் தள்ளிவிட்டான். சம்மன் எல்லாம் பெரியவர் வீட்டுக்கு வந்தது. தம் மோட்டார் சைக்கிளுக்கு ரோட் டெக்ஸ் புதுப்பிக்கப் போனபோதுதான் தம் பெயர் முடக்கப்பட்டிருப்பதே அவருக்குத் தெரிந்தது. அப்போதும் அவர் சொன்னது: “அவன் ஏமாத்தணும்னு நினைக்கல தம்பி. மறந்துட்டான்.”

என்னை யோசிக்க வைத்தது அந்த வார்த்தைதான். இங்கே திருடன் யாரும் இல்லை. இருவரும் நல்லவர்கள்தான், ஒருவருக்கொருவர் வைத்த நம்பிக்கையும் உண்மையானதுதான். ஆனால் நம்பிக்கை மனத்தில் இருப்பது. மனம் மறக்கும், ஊர் மாறும், ஒரு நாள் ஆளே இல்லாமலும் போகலாம். பெயர் மாற்றுவதற்கு முன் விற்றவர் இறந்துவிட்டால் அந்த வண்டி பதிவில் அவர் பெயரிலேயே நிற்கும். அவர் பிள்ளைகள் அமானா ராயாவுக்கோ நீதிமன்றத்துக்கோ அலைய வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. விற்பனையில் இருவர்தான் கை குலுக்குகிறார்கள். சாலையில் மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். நாளை அந்த வண்டி யாரையாவது இடித்தால், அவர் தேடிப் போவது யாரை? நாம் ஒருவரை ஒருவர் நம்பியது அவருக்கு எந்த வகையில் உதவும்? “எனக்கு உன்மேல் நம்பிக்கை இருக்கு, எழுத வேண்டாம்” என்று சொல்லும்போது, அந்த முகம் தெரியாதவருடைய பாதுகாப்பையும் சேர்த்தே நாம் விட்டுக்கொடுக்கிறோம். அதற்கு நமக்கு உரிமை இல்லை.

எழுத்து கேட்பது நம் மரபுக்கு அந்நியம் என்று நினைப்பவர்கள் பெரியபுராணத்தில் சுந்தரர் கதையை நினைத்துப் பாருங்கள். அவர் திருமணத்தன்று முதியவராக வந்த சிவபெருமான், “நீ எனக்கு அடிமை” என்று வெறும் வாயால் சொல்லவில்லை. ஓலையோடு வந்தார். சுந்தரர் அதைக் கிழித்துப் போட்டார். கிழிந்தது படிதான். மூல ஓலை திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் காட்டப்பட்டது. சபையார் சுந்தரருடைய பாட்டனாரின் வேறொரு கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் தீர்ப்புச் சொன்னார்கள். அந்தச் சபை மூன்று வகைச் சான்றுகளை ஏற்றது: காலங்காலமான வழக்கம், ஆவணம், பார்த்தவர் சாட்சி. மூன்றில் ஒன்றைக் காட்டு என்று கேட்டது.

இந்த மூன்றையும் நம் தோட்ட வாழ்க்கையோடு வைத்துப் பார்க்கிறேன். அன்று லயத்தில் ஒரு சைக்கிள் கை மாறினாலும் எல்லாருக்கும் தெரியும். யார் ஓட்டுகிறார் என்பது தினமும் கண்ணில் படும். தகராறு வந்தால் கோயில் தலைவர் இருந்தார், பக்கத்து வீட்டு அத்தை இருந்தார். ஆக, வழக்கமும் சாட்சியும் இருந்ததால் ஆவணம் தேவைப்படவில்லை. இன்று தோட்டங்கள் கலைந்து, நாம் செங், குருபோங், புக்கிட் கட்டில் என்று தாமான்களில் சிதறி வாழ்கிறோம். மிஞ்சியிருப்பது ஆவணம் ஒன்றுதான். நம்பிக்கை குறைந்ததால் காகிதம் வரவில்லை. அக்கம்பக்கம் இருந்த இடத்தில் இப்போது காகிதம் இருக்கிறது, அவ்வளவுதான்.

பெரியவர்கள் தாளைக் கண்டு பயப்படுவதற்கும் நியாயம் இருக்கிறது. படிக்கத் தெரியாத மொழியில் எழுதிய ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்துக் கப்பலேறியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். தாள் எப்போதும் முதலாளி கையில்தான் இருந்தது. அதனால் என் முடிவு இது: ஒருவர் கையில் மட்டும் இருக்கும் தாள் அதிகாரம், இருவர் கையிலும் இருக்கும் தாள்தான் நியாயம். இருவருக்கும் புரியும் மொழியில் எழுதுங்கள், ஆளுக்கு ஒரு படி வையுங்கள்.

என்ன எழுதுவது? வண்டி எண், எஞ்சின் எண், சேசிஸ் எண், மைலேஜ், விலை, இருவர் பெயர், ஐசி எண், ஒரு சாட்சி. ஒப்படைத்த தேதியோடு நேரத்தையும் எழுதுங்கள். காலையில் விழுந்த சம்மன் யாருடையது, மாலையில் விழுந்தது யாருடையது என்று அந்த ஒரு வரி சொல்லிவிடும். பிறகு, தெரிந்த குறைகள்: கியர் பாக்ஸ் சத்தம், வெள்ளத்தில் நின்றது, மோதிச் சரிசெய்தது. தனி ஆளிடம் வாங்கினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போக வழியில்லை. வியாபாரிகளிடம் வாங்கியதற்குத்தான் அது. ஆகவே விற்பவரின் மனசாட்சிதான் இங்கே வாங்குபவருக்குக் காவல். வாயால் “நல்ல வண்டிலா” என்று சொல்வது சுலபம். எழுதும்போது பொய் சொல்லக் கை கூசும். எழுத்து நம்மை நல்லவனாக்காது, ஆனால் நல்லவனாக இருக்க ஒரு கணம் நிறுத்தி நினைவூட்டும்.

“சம்புங் பாயார்” விஷயத்தில் மட்டும் எந்தத் தாளும் உதவாது. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடன் முடியும்வரை உரிமையாளர் வங்கிதான். வங்கிக்குத் தெரியாமல் அந்தக் காடியை இன்னொருவருக்குக் கொடுப்பது, நமக்குச் சொந்தமில்லாததை விற்பதாகும். சாட்சிக் கையெழுத்து எத்தனை போட்டாலும் அது தர்மம் ஆகாது.

நண்பர்களே, அடுத்த முறை தோட்டத்தில் ஒரு தாத்தா வண்டி விற்கிறார் என்று கேள்விப்பட்டால், ஒரு நாள் லீவு போட்டு அவரோடு ஜேபிஜேக்குப் போங்கள். பாரத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர் கையில் ஒரு படி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள். திருமுறை வகுப்பில் நாம் படிக்கும் தொண்டுக்கு இதுவும் ஒரு வழி.