கலசத்துக் காசு

ஆதம்பாக்கத்துப் பழைய தெருக்களில் வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் விளக்குத் தேய்க்காத வீடு குறைவு. பித்தளைக்குப் புளி, வெள்ளிக்கு விபூதி. தேய்த்துக் கழுவித் துடைத்த குத்துவிளக்கைப் பார்க்கும்போதே மனசு பாதி கும்பிட்டுவிடுகிறது. ஆனால் அதே கை, அதே பக்தியோடு ஒரு பழைய வெள்ளி ரூபாயைத் தேய்த்தால் காசு கெட்டுப்போகிறது.

நாணயம் சேர்ப்பவர்கள் முதலில் பழக வேண்டியது தேய்க்காமல் கையை அடக்கிக்கொள்வதைத்தான். அச்சு இறங்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி நகர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகளை மேற்பரப்பில் விட்டுவைக்கிறது. புதுக்காசைச் சாய்த்தால் ஒளி சுழன்று வருவது அந்த வரிகளால். விபூதி பட்டாலும் எலுமிச்சை பட்டாலும் அவை போய்விடும். திரும்ப வரவே வராது. காற்றிலுள்ள கந்தகத்தால் படரும் கருமையைக்கூட அறிந்தவர்கள் தொடுவதில்லை. பி.வி.சி. உறையிலிருந்து கசிந்து ஒட்டும் பச்சைப் பிசுக்கு மட்டும் விலக்கு. அதைச் சுத்தமான அசிட்டோனில் ஊறவிட்டு, தேய்க்காமல் போக்கலாம்.

தரம் பார்க்க இன்று பரவலாக வழங்குவது 1 முதல் 70 வரையான அளவுகோல். 1949-இல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தம் நாட்டுச் செப்புக் காசுகளுக்காக வகுத்தது அது. 60-உம் அதற்கு மேலும் என்றால் புழக்கத்துக்கே போகாத காசு, யு.என்.சி. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயில் மன்னரின் அங்கியில் உள்ள குட்டி யானையை உற்றுப் பார்ப்பார்கள். (1911-இல் அந்த யானை பன்றியாகத் தெரிகிறதென்று எதிர்ப்பு எழுந்து, 1912-இல் திருத்தி அச்சிட்டார்கள்.) யானை தெளிவாக இருந்தால் விலை ஏறும்.

சந்தைக்கு அது நியாயம். ஆனால் கைமாறுவதற்கென்றே பிறந்த ஒன்று, எந்தக் கைக்கும் போகாததால் உயர்ந்ததாகிறது என்பதை என் மனம் முழுதாக ஏற்பதில்லை. அப்போதெல்லாம் திருவீழிமிழலை நினைவுக்கு வரும்.

பஞ்சகாலத்தில் அடியார்களுக்குச் சோறிட, அங்கே இறைவன் சம்பந்தருக்கும் அப்பருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு படியளந்தான் என்கிறது பெரியபுராணம். அப்பர் மடத்தில் நேரத்துக்கு அமுது. சம்பந்தர் மடத்தில் தாமதம். விசாரித்தால், சம்பந்தரின் காசுக்குக் கடையில் வாசி கேட்கிறார்கள். மாற்றுக் குறைவு, வட்டம் கொடுத்தால்தான் செல்லும். உழவாரப்படையால் கோயில் புல்லைச் செதுக்கிய கைத்தொண்டர் அப்பருக்கு வந்ததோ வாசியில்லாத காசு. ஞானக் குழந்தை சம்பந்தர் கடைக்காரர்களைக் கோபிக்கவில்லை. சாமி கொடுத்ததாயிற்றே என்று வாதாடவும் இல்லை. கொடுத்தவனிடமே போய்ப் பதிகம் பாடி, வாசி தீர்ந்த காசைக் கேட்டு வாங்கினார். தரம் பார்ப்பதும் தெய்வத்துக்கு முன்னால் கூசத்தக்க வேலையல்ல என்று எனக்கு உணர்த்தியது இந்தக் கதைதான். எது உயர்ந்த மாற்று என்பதையும் அதிலேயே தேடிக்கொள்கிறேன்.

எங்கள் தெருப் பாட்டி ஒருவர் 1918-ஆம் வருஷத்து ரூபாய் ஒன்றைக் காட்டினார். 11.66 கிராம், பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. வரலட்சுமி நோன்புக் கலசத்தில் அரிசியோடு ஆண்டுதோறும் இடுகிற காசு. விளிம்பைப் பிடித்து வெளிச்சத்தில் சாய்த்தேன். யானை இருந்த இடத்தில் லேசான மேடு. மன்னரின் கன்னமும் காதும் ஒன்றாக வழுவழுத்திருந்தன. எழுத்துகளின் இடுக்கில் மஞ்சள் கெட்டிப்பட்டு, அதன்மேல் குங்குமம் ஏறி, கரும்பழுப்பாக உறைந்திருந்தது. அளவுகோல்படி ‘ஃபைன்’, அவ்வளவுதான். நான் பார்த்த காசுகளில் இதைவிட நிறைவான ஒன்று இல்லை.

“அழுக்கா இருக்கோ?” என்றார் பாட்டி.

“அழுக்கில்லை பாட்டி. தேய்க்க வேண்டாம்.”

“நான் எங்க தேய்க்கிறது? எங்க மாமியார் கை மஞ்சளும் அதுல இருக்குப்பா.”

மைலார் ஜன்னல் வைத்த அட்டை உறை என் பையில் இருந்தது. அதை நான் எடுக்கவில்லை. ரப்பர் பேண்ட் சுற்ற வேண்டாம், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும், மழைக்காலத்தில் டப்பாவுக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் இருக்கட்டும் என்று மட்டும் சொன்னேன்.

“கலசத்துல போட்டா ஒண்ணும் ஆகாதே?”

“ஆகாது பாட்டி. அரிசி ஈரமில்லாம இருந்தாப் போதும்.”