படியும் பழியும்

கட்டடம் ஒன்றின் வாயிலில் அமைந்த மூன்று படிகளைக் கண்டு அறவியல் வினா எழுப்புதல் சிலர்க்கு விந்தையாகத் தோன்றலாம். கல்லும் சாந்தும் மேசன்மாரின் துறை, நீதியும் அநீதியும் மெய்யியலாளரின் துறை என நாம் பிரித்து வைத்துள்ளோம். ஆயின், அப்படிகளின் முன் ஒருவர் நின்றுவிட நேரும்போது, அவரைத் தடுத்தது அவருடைய காலா, அன்றி அந்தக் கல்லா என்ற வினா எழவே செய்யும். காலே எனின் அது இயற்கையின் செயல், அதற்கு இரங்கலாம். கல்லே எனின் அது மனிதரின் செயல். அதற்குப் பதில் கூறவேண்டும். இவ்விரண்டுள் எது பொருந்தும் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற என் அப்பாயி, இடுப்பெலும்பு முறிந்த பின்னர் நடை இழந்தார். எங்களுடையது மேட்டு லயம். பாதையிலிருந்து அதற்கு ஏற அறுபது கற்படிகள் உள்ளன. கம்பளியிற் கிடத்தி நால்வர் சுமந்து இறக்க, முச்சக்கர வண்டியில் நகரத்து அலுவலகம் ஒன்றிற்கு அவரை ஒருமுறை அழைத்துச் சென்றோம். நாம் போகவேண்டிய மேசை மேல்மாடியில் இருந்தது. உத்தியோகத்தர் நல்லவர். செய்தி அறிந்ததும் தாமே படியிறங்கி வந்து, வீதியோரத்தில் வண்டிக்குள் கைநீட்டி, கோப்பின்மீது பெருவிரல் அடையாளம் பெற்றுச் சென்றார். நாங்கள் அவரை வாயார வாழ்த்தினோம். திரும்பும் வழியில் அப்பாயி ஒன்றே ஒன்று கூறினார்: "நல்ல மனுசன்தான்யா. ஆனா நாலு பேரு பாக்க ரோட்டுல வச்சித்தானே கைநாட்டு வாங்குனாரு."

அவ்வுரையில் நன்றியும் இருந்தது, நாணமும் இருந்தது. கருணைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டை அது எனக்கு உணர்த்திற்று. கருணை கொடுப்பவரின் மனநிலையைப் பொறுத்தது. இன்று இறங்கி வந்தவர் நாளை இடமாற்றம் பெற்றுச் செல்லலாம். அன்றியும், கருணையைப் பெறுபவர் ஒவ்வொரு முறையும் தம் குறையைக் காட்டி நிற்கவேண்டும். ஒவ்வொரு முறையும் நன்றி கூறவேண்டும். மாடிக்குப் படி கட்டியமைக்காக நம்முள் எவரேனும் எவர்க்கேனும் நன்றி கூறியதுண்டா? பத்தடி உயரத்தைத் தாவி ஏறும் ஆற்றல் மனிதர் எவர்க்கும் இல்லை. ஆகவே படியும் இயலாதார்க்கு அளித்த உதவியே. நடப்பவரின் இயலாமைக்கு உதவி செய்துவிட்டு அதனைக் கட்டடக்கலை என்கிறோம். நடவாதாரின் இயலாமைக்கு உதவி வேண்டப்படும்போது மட்டும் அதனைத் தருமம் என்கிறோம். இப்பாகுபாட்டிற்கு நியாயம் காண்பது அரிது.

நம் நாட்டுச் சட்டம் இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டுள்ளது. வலுவிழந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் இயற்றப்பட்டது. பொதுக் கட்டடங்களிற் சாய்தளம், கைபிடி, அகன்ற வாயில், உகந்த மலசலகூடம் முதலியன அமையவேண்டும் என்னும் விதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளிவந்தன. புதிய பொதுக் கட்டடங்கள் அவ்விதிகளுக்கு இணங்கியே அமையவேண்டும் என 2011இல் உயர் நீதிமன்றம் கட்டளையிட்டது. சக்கர நாற்காலியில் வாழ்ந்த கலாநிதி அஜித் பெரேரா தொடுத்த வழக்கின் பயன் அது. வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தையும் இலங்கை 2016இல் ஏற்றுறுதி செய்தது. சட்டம் உண்டு, படிகளும் அப்படியே உண்டு.

இதற்குக் கூறப்படும் மறுப்புக்கள் மூன்று. இத்தகையோர் மிகச் சிலரே என்பது முதலாவது. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதிற்கு மேற்பட்டோருள் 8.7 சதவீதத்தினர், அதாவது 16 இலட்சத்திற்கு மேற்பட்டோர், ஏதோவொரு வகை இயலாமை உடையோர். முதுமை எய்தும் ஏனையோரும் அவ்வரிசையிற் பிந்திச் சேர்பவரே. நாடு வறியது என்பது இரண்டாவது. கட்டிய பின் இடித்துத் திருத்துவதே பெருஞ்செலவு. வரைபடத்திலேயே சாய்தளத்தை அமைப்பதற்குப் பணத்திலும் சிந்தனையே மிகுதியாக வேண்டும்.

மூன்றாவது மறுப்பே வலியது. ஊவா மலைநாடு, மலையைச் சமதளமாக்க இயலுமா என வினவுவர். இதற்கு விடை தெமோதரையில் உள்ளது. செங்குத்தான ஏற்றத்தில் இயங்க நீராவி இயந்திரத்தால் இயலாது. நாற்பத்துநான்கு அடி நீளத்திற்கு ஓரடிக்கு மேல் உயராதவாறு மலையகப் பாதையை அமைத்தனர் பொறியியலாளர். அதன்பொருட்டுத் தெமோதரையில் இருப்புப்பாதையைச் சுழற்றி, புகையிரத நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செலுத்தினர். 1924இற் பாதை பதுளையை அடைந்தது. ஏற இயலாத இயந்திரத்தை எவரும் ஊனமுற்றது எனக் கூறவில்லை. அதைச் சுமந்து செல்ல நால்வரைத் தேடவுமில்லை. அதன் இயல்பிற்கேற்ப மலையில் வழி சமைத்தனர். தேயிலைப் பெட்டிக்கு அளித்த மதிப்பை அத்தேயிலையைப் பறித்தவர்க்கு அளிக்கவில்லை என்பதே உண்மை.

எனினும், மறுப்பில் உள்ள உண்மையையும் மறைத்தலாகாது. சக்கர நாற்காலிக்குரிய சாய்தளம் ஓரடி உயர்வதற்குப் பன்னிரண்டடி நீளவேண்டும் என்பது பொதுவான அளவு. எங்கள் லயத்து அறுபது படிகளும் ஏறத்தாழ முப்பதடி உயர்வன. அவற்றுக்கு ஈடாக 360 அடி நீளமான பாதை வேண்டும். எல்லா லயங்கட்கும் இஃது இயலுமெனக் கூறேன். இயலாததைச் செய்யுமாறு அறம் எவரையும் பணிப்பதில்லை. ஆனால், ஒன்று இயலாதபோது அதற்கு அடுத்ததைச் செய்யும் கடமை ஒழிவதில்லை. பாதையை மேலே கொண்டுசெல்ல முடியாவிடின், பாதையோரத்து வீட்டை நடக்க முடியாதவர்க்கு ஒதுக்கலாம். விதிகள் பொதுக் கட்டடங்களோடு நின்றுவிடுகின்றன. லயம் அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டது. ஆதலால், இந்திய உதவியுடன் தோட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் 550 சதுர அடியில் எழும் புதிய வீடுகளே நமக்குக் கிடைத்த வாய்ப்பாகும். அவற்றின் வாயிலை அகலமாக்குவதும், முன்படிக்குப் பதிலாகச் சரிவு அமைப்பதும் மலையை வெல்லும் செயல்களல்ல.

வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்திற் பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது என்னும் கருத்தை உரைக்கிறார். பொறி என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். உறுப்பு எனக் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும், பழி குறையுடையாரைச் சாராது; அறியவேண்டியதை அறிந்தும் முயலாதாரையே சாரும் என்பது பெறப்படும். எந்த அளவிற் சரிவு அமைக்கவேண்டும் என்பதை நாம் அறிவோம். சட்டத்தையும் அறிவோம். முயற்சி ஒன்றே எஞ்சியுள்ளது.

அந்த உத்தியோகத்தர் வீதிக்கு இறங்கி வந்தமை அவருடைய அறம். அவர் இறங்கி வரவேண்டியிருந்தமை நம் அனைவருடைய பழி.