எந்தச் சாத்தனார்?

சங்கத் தொகை நூல்களைப் புரட்டுகிறவர் கண்ணில் சாத்தனார் என்ற பெயர் அடிக்கடி படும். சீத்தலைச் சாத்தனார் ஒருவர். உறையூர் முதுகண்ணன் சாத்தனார் இன்னொருவர். ஆவூர் மூலங்கிழார் மகனார் பெருந்தலைச் சாத்தனார் வேறு; ஒக்கூர் மாசாத்தனார் வேறு. ஊர், தகப்பன் பெயர், உடலின் ஏதோ ஓர் அடையாளம், இவை போதாதபோது தொழில். சீத்தலைச் சாத்தனார் மதுரையில் தானியம் விற்ற கூலவாணிகர். இளவேட்டனார் துணி விற்ற அறுவை வாணிகர். வெண்ணாகனார் கொல்லர், உறையூர்த் தாமோதரனார் மருத்துவர். இந்தக் கவிஞர்களில் பலரைப் பற்றி நமக்குத் தெரிந்த வாழ்க்கை வரலாறு இந்த ஒரு வரிதான். பெயரை எழுதிவைத்தவர் யாராக இருந்தாலும், ஒருவர் பாட்டு மற்றவர் கணக்கில் ஏறிவிடக் கூடாது என்று மெனக்கெட்டிருக்கிறார்.

எல்லா இடத்திலும் அந்தக் கவனம் நிலைக்கவில்லை. அதியமானைப் பாடிய ஔவையும், பல நூற்றாண்டு கழித்து ஆத்திசூடி எழுதிய ஔவையும் மக்கள் நினைவில் ஒரே பாட்டியாகிவிட்டார்கள். அதனால் யாருக்கும் பெரிய கெடுதல் இல்லை. புகழ் கலந்தால் இலக்கிய வரலாற்று ஆசிரியர்கள் மட்டும் சங்கடப்படுவார்கள். குற்றம் கலந்தால், கடன் கலந்தால் கதை வேறு. ஔவைக்கு யாரும் வங்கிக் கடன் மறுக்கப்போவதில்லை.

2011இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டப்ளின் என்ற ஊரில் ஒருவர் மனைவியோடும் மாமனாரோடும் கார் வாங்கப் போனார். விலை பேசியாயிற்று. கடன் தரலாமா என்று பார்க்க, விற்பனையாளர் அவருடைய கடன் அறிக்கையை எடுத்தார். பயங்கரவாதிகள், போதைப் பொருள் கடத்துவோர் போன்றவர்களோடு வணிகம் செய்யக் கூடாது என்று அந்த நாட்டு நிதித்துறை ஒரு தடைப்பட்டியல் வைத்திருக்கிறது. அதிலுள்ள பெயரோடு இவர் பெயர் பொருந்துவதாக அறிக்கை சொன்னது. மனைவி, மாமனார் முன்னிலையில், ‘உங்களுக்கு விற்க முடியாது’ என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் கார் மனைவி பெயரில் வாங்கப்பட்டது.

அறிக்கை தந்த நிறுவனம் டிரான்ஸ்யூனியன். நம் ஊரில் ‘சிபில் எவ்வளவு?’ என்று கேட்கிறோமே, அந்தச் சிபிலும் இன்று இதே குழுமத்தைச் சேர்ந்ததுதான். நிறுவனத்தின் மென்பொருள் முன்பெயரையும் குடும்பப் பெயரையும் மட்டும் ஒப்பிட்டது. பிறந்த தேதியை ஒப்பிடவில்லை. பட்டியலில் பிறந்த தேதி இருந்தது, நிறுவனத்தின் கையிலும் இவருடைய பிறந்த தேதி இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் ஆளில்லை. அறியாமல் நேர்ந்த பிழை என்றும் சொல்ல வழியில்லை. சில ஆண்டுகளுக்கு முன் கொலராடோவில் ஒரு பெண்மணிக்கு இதே நிறுவனத்தின் அறிக்கையால் இதே அவமானம் நேர்ந்தது. பட்டியலில் இருந்தவரோ அவரைவிட ஏறத்தாழ ஒரு தலைமுறை இளையவர். அந்த வழக்கில் நிறுவனத்துக்கு எதிரான தீர்ப்பு 2010இலேயே மேல்முறையீட்டிலும் உறுதியாகிவிட்டது.

கலிபோர்னியா வழக்கு 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இவரைப்போல் கோப்பில் தவறான எச்சரிக்கை ஏறியவர்கள் 8,185 பேர். அவர்களில் 1,853 பேருடைய அறிக்கைகள் மட்டுமே வழக்குக்குரிய சில மாதங்களில் வெளியாருக்குப் போயிருந்தன. அவர்களுக்கு வழக்காடும் தகுதி உண்டு. மீதி 6,332 பேருக்கு அந்தக் கோப்பினால் உண்மையான பாதிப்பு இல்லை என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் நீதிபதிகள் முடிவு செய்தார்கள். அவதூறாக ஒரு கடிதம் எழுதி மேசை இழுப்பறையில் பூட்டி வைத்தால் யாருக்கு என்ன தீங்கு என்பது பெரும்பான்மையின் வாதம்.

மொட்டைக் கடுதாசி எழுதித் தபாலில் சேர்க்காமல் வைத்திருப்பவன் குற்றவாளியா? சட்டம் பாதிப்பை அளந்து நிவாரணம் தருவது; அது அங்கே நின்றுகொள்வதில் ஒரு நியாயம் இருக்கலாம். அறம் அங்கே நிற்க முடியாது. தவிர, இந்த உவமையில் ஓர் ஓட்டை உண்டு. மேசையில் கிடக்கும் கடிதம் கோபத்தில் எழுதப்பட்டதாக இருக்கலாம், நாளைக்கே கிழிக்கப்படலாம். கடன் அறிக்கை விற்கிற நிறுவனத்தின் கோப்போ கேட்டவருக்கு விற்பதற்கென்றே ஆயத்தமாக இருப்பது. அந்த 6,332 பேரும் அந்த மாதங்களில் கார் வாங்கப் போகவில்லை, அவ்வளவுதான். அவர்கள் தப்பித்தது தற்செயல். தற்செயலை எழுதியவனின் நல்லொழுக்கமாக வரவு வைக்க முடியாது.

எதிர்த்தரப்புக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது, அதைத் தட்டிக்கழிப்பது சரியல்ல. பள்ளி வேனுக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள். விண்ணப்பித்தவர் பெயரில் ஒரு பழைய குற்ற வழக்கு கண்ணில் படுகிறது. அவர்தானா, வேறு ஆளா, தெரியாது. குழந்தைகள் விஷயத்தில் துணிந்து பார்க்க முடியுமா? ‘எதுக்கு வம்பு’ என்று அடுத்தவரை எடுத்துக்கொள்கிற நிர்வாகியைக் கொடியவர் என்று சொல்ல மனம் வராது. எச்சரிக்கை நல்ல குணம்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை யார் கட்டுவது என்பதில்தான் வழக்கே. வழக்கின் எண்ணைக் கேட்டு, தகப்பன் பெயரையும் வயதையும் ஒத்துப் பார்த்து, ஆளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை விசாரிக்க அரை நாள் ஆகும். அந்த அரை நாளை நிர்வாகி செலவழித்தால் அது எச்சரிக்கை. அதை மிச்சம் பிடித்துக்கொண்டு இன்னொருவரின் வேலையைக் கழித்தால், அது சோம்பலுக்கு எச்சரிக்கை என்று பெயர் சூட்டியதாகும்.

‘பொருந்தக்கூடும் என்றுதானே எழுதினோம், அவரேதான் என்று எழுதவில்லையே’ என்று அறிக்கை தருபவர்கள் சொல்லும் சமாதானமும் நிற்காது. கேட்பவர் காதில் ‘கூடும்’ விழுவதில்லை.

கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். ஒரே பெயரும் ஒரே இனிஷியலும் உள்ளவர்கள் 500 பேர், ஐம்பது ஆண்டு இடைவெளிக்குள் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களை இருவர் இருவராகச் சேர்த்தால் 1,24,750 ஜோடிகள். ஐம்பது ஆண்டுக்கு நாட்களோ சுமார் 18,260. ஆக, பிறந்த தேதியும் ஒன்றாகவே அமைந்த ஜோடிகள் ஆறேழு இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். இது பிறப்புகள் எல்லா நாட்களிலும் சமமாகப் பரவியிருந்தால் வரும் கணக்கு. நம் மூத்த தலைமுறையில் எத்தனை பேருக்குத் தலைமையாசிரியர் பள்ளியில் சேர்த்த அன்று மனக்கணக்காக ஒரு ஜூன் மாதத் தேதியைப் போட்டுவிட்டார் என்பதை யோசித்தால், அந்த ஆறேழு எங்கேயோ போய்விடும்.

தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை இரட்டிப்பு. பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் மருவல், தாத்தாவின் பெயரைத் தாங்குபவன். குலதெய்வத்தின் பெயர் ஒரு பங்காளிக் கூட்டத்தில் எத்தனை வீட்டில் இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊருக்குள் அதனால் குழப்பம் வந்ததில்லை. மேலத்தெரு மாடசாமி, டெய்லர் மாடசாமி, மிலிட்டரி மாடசாமி என்று சங்ககாலத்து முறையே தொடர்ந்தது. ஏட்டில் ஏறும்போதுதான் தெருவும் தொழிலும் உதிர்ந்து ஒற்றை எழுத்து மிஞ்சுகிறது. கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகிவிட, வெளிநாட்டில் மகனைத் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பெண்களுக்குக் கல்யாணத்தோடு இனிஷியல் மாறுகிறது. பட்டச் சான்றிதழில் ஒருத்தி, வாக்காளர் அட்டையில் ஒருத்தி. ஒருவரை இருவராக்குவதும் இருவரை ஒருவராக்குவதும் இந்த ஒற்றை எழுத்துக்கு எளிது.

அப்படியானால் ஏடுகளில் இன்னும் அதிக விவரம் சேர்த்துவிடலாமே? பிறந்த தேதி, முகவரி, புகைப்படம், அடையாள எண், எல்லாம் இருந்தால் குழப்பமே இல்லையே? இங்கேதான் அறக்கணக்கு உண்மையிலேயே சிக்கலாகிறது. கலிபோர்னியாவில் 2021இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், குற்ற வழக்குகளின் பொதுப் பட்டியலில் பிறந்த தேதியை வைத்துத் தேட இடம் கொடுக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. தண்டனை முடிந்து திருந்தி வாழ்பவரை எவரும் துருவிக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற அந்தரங்கப் பாதுகாப்பு அது. பின்னணி விசாரிக்கும் நிறுவனங்களோ, இதனால் ஒரே பெயர்க்காரர்களைப் பிரித்தறிய முடியாமல் போகிறது என்று முறையிட்டன. இரு தரப்பிலும் உண்மை இருக்கிறது. குற்றம் செய்தவரை மறைக்கும் திரை, செய்யாதவர் மேல் நிழலாக விழுகிறது. நிரபராதியைப் பிரித்தெடுக்கும் வெளிச்சம், எல்லாருடைய வீட்டுக்குள்ளும் அடிக்கிறது.

விவரத்தை ஊருக்கெல்லாம் விரித்துப்போடுவதும் உரிய இடத்தில் கேட்டு ஒத்துப் பார்ப்பதும் ஒன்றல்ல. ஓட்டுநர் வேலைக்கு வந்தவர் தன் பிறந்த தேதியைத் தானே எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை நீதிமன்றப் பதிவோடு ஒப்பிட, அந்தப் பதிவு தெருவில் கிடக்க வேண்டிய அவசியமில்லை. பொறுப்புள்ள ஒரு கை எடுத்துப் பார்த்து ‘இவரில்லை’ என்று சொன்னால் போதும். அந்தக் கை இல்லாதபோது பெயரை மட்டும் நம்பி எழுதாமல் இருப்பதே முறை. அமெரிக்க நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் 2021 நவம்பரில் இதையே சொன்னது. பெயரை மட்டும் ஒப்பிட்டு அறிக்கை தருவது, இயன்றவரை முழுத் துல்லியம் வேண்டும் என்று 1970இலிருந்து இருக்கும் சட்டத்துக்கு விரோதம் என்றது. அரை நூற்றாண்டு கழித்துச் சொல்ல வேண்டியிருந்தது என்பது தனிக்கதை.

பெரிய மனிதர்களுக்கு இந்தத் தொல்லை வரும்போது வேடிக்கைச் செய்தியாகிறது. செனட்டர் எட்வர்ட் கென்னடியை விமான நிலையங்களில் பலமுறை நிறுத்தினார்கள். அவர் பெயரை ஒத்த ஒரு புனைபெயர் கண்காணிப்புப் பட்டியலில் இருந்தது. 2004இல் அவரே செனட் குழுவில் இதைச் சொன்னார். அமைச்சர் மட்டத்தில் பேசியும் சரிசெய்ய வாரக்கணக்கில் ஆனது. பிறகு 2007இல் பொதுமக்களுக்கும் ஒரு வழி திறந்தார்கள். முறையிட்டால் ஓர் எண் தருவார்கள், பயணச்சீட்டு எடுக்கும்போது அதைக் குறிப்பிட வேண்டும். உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் தப்புச் செய்யாதவர் ‘நான் அவனில்லை’ என்பதற்கு அத்தாட்சியைச் சுமந்து திரிய வேண்டியிருக்கிறது.

இதற்கு நேர்மாறான ஓர் ஏற்பாடு நம் தேர்தலில் உண்டு. 2004இல் ஆலப்புழையில் வி.எம். சுதீரன் 1,009 வாக்கில் தோற்றார். அதே தொகுதியில் இன்னொரு சுதீரன் 8,282 வாக்கு வாங்கியிருந்தார். 2024இல் ராமநாதபுரத்தில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வத்தோடு அதே பெயரும் அதே முதலெழுத்தும் கொண்ட வேறு பலரும் மனு போட்டார்கள். ஆளைப் பிடித்து நிறுத்தியவரின் நோக்கம் எல்லாருக்கும் தெரியும். இதைத் தடுக்கக் கோரிய பொதுநல மனுவை அந்த ஆண்டே ஏற்க மறுத்த உச்ச நீதிமன்றம், பெற்றோர் வைத்த பெயருக்காக ஒருவரைப் போட்டியிடாதே என்று சொல்ல முடியுமா என்று கேட்டது. தேர்தல் ஆணையமும் யாரையும் பெயர் மாற்றச் சொல்லவில்லை. 2015இலிருந்து வாக்குப்பதிவு இயந்திரத்தில் வேட்பாளரின் படத்தை ஒட்டுகிறது. பிரித்துக் காட்டும் வேலையைப் பட்டியல் போடுகிறவரே எடுத்துக்கொண்டார்.

கடன் பதிவிலும் இங்கே ஒரு சிறு நகர்வு இருக்கிறது. தவறான பதிவைப் பற்றிப் புகார் கொடுத்து 30 நாளில் தீர்க்கவில்லை என்றால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் விதித்தது. தாமதத்துக்காவது விலை வந்திருக்கிறது. ஆனால் புகார் கொடுக்க, முதலில் தவறு நடந்தது தெரிய வேண்டும். அமெரிக்கச் சட்டப்படி, பின்னணி அறிக்கையைக் காரணமாக வைத்து வேலை மறுக்கும் முதலாளி, மறுக்கும் முன்பே அந்த அறிக்கையின் பிரதியைத் தந்தாக வேண்டும். இங்கே வாடகைக்கு வீடு கேட்டு வந்தவரின் பெயரைத் தட்டிப் பார்த்த வீட்டுக்காரர், ‘சொந்தக்காரங்க வர்றாங்க சார், வீடு விடுறதா இல்ல’ என்று மரியாதையாகவே சொல்லிவிடுகிறார். வந்தவரும் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த தெருவில் டு-லெட் பலகை தேடி நடக்கிறார்.