வழிப்போக்கனும் விழாவும்: ஏற்றலின் அறம் பற்றிய ஒரு நோக்கு

ஈதலைப் பற்றித் தமிழ் அறநூல்கள் பேசிய அளவுக்கு ஏற்றலைப் பற்றிப் பேசவில்லை. பேசியவிடத்தும் பெரும்பாலும் அதனை இழிவென்றே கூறின. கொள்ளுதல் நல்வழி என எவர் உரைப்பினும் அது தீதே என்பது வள்ளுவர் துணிபு. ஆத்திசூடியும் சிறுவர்க்கு அதனையே போதித்தது. புரவலன் வாயிலில் இரவலன் நிற்கும் காட்சியை மனத்திற் கொண்டு எழுந்த கருத்துகள் இவை. ஆயின், கேளாமலே தரப்படும் ஒன்றை ஏற்பது எத்தகையது? வேற்றூரில், வேற்று மொழியினர் கொண்டாடும் விழாவினூடே செல்லும் வழிப்போக்கன் தன்முன் நீட்டப்படும் கோப்பையை வாங்குவதா, மறுப்பதா? சிறிதாகத் தோன்றும் இவ்வினா இலங்கையில் அத்துணைச் சிறிதாக இருப்பதில்லை.

வெசாக் நோன்மதி நாளின் மாலையிற் கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்படும் பஸ்வண்டி ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மாத்தளையைக் கடந்து தம்புள்ளையை அடையுமுன் நாவுல போன்ற சிறு நகர்களை அது ஊடறுத்துச் செல்லவேண்டும். ஏனைய நாள்களில் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துபோகும் அச்சிறு நகர்கள் அன்று அடியோடு மாறிவிடுகின்றன. முற்றங்கள் தோறும் மூங்கிற் சட்டங்களில் மெல்லிய தாள் ஒட்டிய வெசாக் கூடுகள் தொங்குகின்றன. சந்தியில் புத்தரின் முற்பிறப்புக் கதையொன்றைப் படம்படமாகத் தீட்டிய பந்தல் எழுந்து நிற்க, அதன் விளிம்பெங்கும் வண்ண மின்குமிழ்கள் அணைந்தும் எரிந்தும் ஓடுகின்றன. வெள்ளுடை அணிந்த சிறுமியர் மேடையில் வரிசையாக நின்று பக்திப் பாடல் இசைக்கின்றனர். குழந்தைகளைத் தோளிற் சுமந்த தந்தையரும், அயற்கிராமங்களிலிருந்து வந்த முதியோரும் வீதியை நிறைத்து நடக்கின்றனர்.

அவ்விடத்திலேயே வண்டி மறிக்கப்படுகின்றது. பௌத்தக் கொடியை அசைத்தவாறு இளைஞர் சிலர் குறுக்கே நிற்கின்றனர். சாரதியும் முறுவலித்து வண்டியை நிறுத்துகின்றார். தட்டுகளை ஏந்திய சிறுவர்கள் உள்ளே ஏறி ஆசனந்தோறும் நீட்டிச் செல்கின்றனர். ஓரிடத்தில் அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும், மற்றோரிடத்தில் வில்வம்பூ அவித்த இனிப்பு நீர், பிறிதோரிடத்தில் ஐஸ்கிறீம். இதுவே ‘தன்சல்’ எனப்படுவது. தானசாலை என்னும் பொருள்படும் சொல்லே மக்கள் வழக்கில் இவ்வாறு மருவியது. விலை கேட்பாரில்லை, பெயர் கேட்பாருமில்லை.

வண்டிக்குள் இருப்போர் யாவரும் ஒரே வகையில் நடந்துகொள்வதில்லை. ஒருவர் வாங்கி மகிழ்வோடு அருந்துகின்றார். மற்றொருவர் யன்னற்பக்கம் முகத்தைத் திருப்பி, வேண்டாமெனக் கையசைக்கின்றார். மூன்றாமவர் மறுக்கவும் இயலாமற் குடிக்கவும் இயலாமற் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வண்டி நகர்ந்தபின் வெளியே ஊற்றிவிடுகின்றார். இம்மூன்று செயல்களுள் எது அறத்தின்பாற்பட்டது என்பது ஆராய்தற்குரியது.

மறுப்பவரின் பக்கத்தை முதலில் நோக்குதல் நேர்மையாகும். அவரது மறுப்பை வெறும் வெறுப்பென்று ஒதுக்கிவிட முடியாது. 2009ஆம் ஆண்டில் வெசாக் நோன்மதி மே 8ஆம் நாளில் அமைந்தது. அந்நாள்களில் முள்ளிவாய்க்காலின் ஒடுங்கிய கடற்கரையில் எறிகணை வீச்சுக்கு நடுவே மக்கள் அரிசியும் நீரும் உப்பும் கலந்த கஞ்சிக்காக நின்றனர். போர் அங்கு முடிவுற்றது மே 18ஆம் நாளில். அக்கரையில் உறவினரை இழந்த ஒருவருக்கு மே மாதத்து நிலவு பந்தலை மட்டும் நினைவூட்டுவதில்லை. நீட்டப்படும் கோப்பையை வாங்குவது, நிகழ்ந்தவை யாவும் தீர்ந்துவிட்டன என ஒப்பமிடுவது போலாகுமோ என்று அவர் அஞ்சுகின்றார். அவ்வச்சத்துக்குக் காரணமுண்டு.

எனினும், கோப்பையை ஏந்தியிருக்கும் கை யாருடையது என்பதும் எண்ணிப்பார்க்க வேண்டியதே. அச்சிறுவன் 2009இல் பிறந்திருக்கவே மாட்டான். அவன் அரசன்று, படையுமன்று. வீடுவீடாகச் சேர்த்த அரிசியையும் சீனியையும் கொண்டு, முதல்நாள் இரவு முழுதும் கண்விழித்து உழைத்த ஓர் ஊரின் பிள்ளை அவன். ஓர் இனத்தின் பெயரால் நிகழ்ந்தவற்றுக்கு அவ்வினத்திற் பிறந்த ஒவ்வொருவரையும் கடனாளியாக்குவது, தமிழர் தாம் நெடுங்காலம் அனுபவித்த அதே அநீதியைத் திருப்பிச் செய்வதாகும். 1983 யூலையில் வீதிகளில் மறிக்கப்பட்ட வண்டிகளுக்குள் இருந்தோர் தனிமனிதராகப் பார்க்கப்படவில்லை, இனமாகவே பார்க்கப்பட்டனர். அன்று வண்டியை மறித்தவர்கள் பெயரையும் மொழியையும் கேட்டார்கள். தன்சலுக்காக மறிப்பவர்கள் எதையும் கேட்பதில்லை. இவ்வேறுபாட்டைக் காணத் தவறும் மனம் கொடுமையின் தன்மையையும் சரிவர உணர்ந்ததாகாது.

யாருடைய கையால் வாங்கி அருந்துவது என்ற வினா தமிழர் சமூகத்துக்குள்ளும் ஒரு கறைபடிந்த வரலாற்றை உடையது. யாழ்ப்பாணத்துத் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்ட சாதியினர்க்கு வேறு பாத்திரங்கள் வைக்கப்பட்டிருந்தன. கோயிற் கதவுகள் அவர்களுக்கு அடைபட்டிருந்தன. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழ்ந்தது. திருவிழாக் காலங்களிற் கோயில் வீதிகளில் தாகசாந்தி நிலையங்கள் அமைத்து மோரும் சர்க்கரைத் தண்ணீரும் வழங்கிய சமூகமே, இன்னாருக்கு இன்ன பாத்திரம் என்றும் வகுத்திருந்தது. ஆகவே எல்லார்க்கும் ஒரே வகைக் கோப்பையை நீட்டும் ஒரு வழக்கத்தை எளிதாக இகழ்ந்துவிட இச்சமூகத்துக்கு உரிமையில்லை.

ஈகையைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் மார்சல் மோஸ், 1925இல் வெளிவந்த தமது ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என மூன்று கடப்பாடுகளை வகுத்துரைத்தார். அவர் கருத்துப்படி ஏற்க மறுப்பது உறவையே மறுப்பதாகும். பௌத்த மரபும் ஏற்போனை இழிந்தவனாகக் கொள்வதில்லை. தானம் விதைக்கப்படும் புண்ணிய நிலமாக அவனை அது காண்கின்றது. இந்நோக்கில் ஏற்பவனும் ஒன்றைக் கொடுப்பவனாகின்றான். அவன் கை நீளாவிடின் ஈகை நிறைவுறாது.

ஆயினும் இக்கருத்தில் ஓர் ஆபத்து மறைந்துள்ளது. ஏற்போன் மற்றவரின் புண்ணியத்துக்கான வெறும் கருவியாகிவிடலாம். பந்தல்களில் அடிக்கடி தீட்டப்படும் வெஸ்ஸந்தர சாதகக் கதை இதற்குத் தக்க சான்று. கேட்டதையெல்லாம் ஈயும் அரசகுமாரன் மழை தரும் வெள்ளை யானையை ஈந்தான்; அதனால் நாடு கடத்தப்பட்டான். காட்டிலே தன் இரு பிள்ளைகளையும் பிராமணன் ஒருவனுக்குத் தானமாக அளித்தான். ஈகையின் உச்சமாக இக்கதை போற்றப்படுகின்றது. ஆனால் அப்பிள்ளைகளின் கண்ணீரை என்செய்வது? இவ்வினா பிறசமயத்தார் எழுப்பியது மட்டுமன்று. பௌத்த நூலாகிய மிலிந்த பஞ்ஹாவிலேயே மிலிந்த மன்னன் நாகசேன தேரரிடம் இதுபற்றி வினவுகின்றான். ஈவோனின் மேன்மையை மட்டும் நோக்கும் அறம் பிறரின் துயரைக் காணாது போகக்கூடும் என்பதை அம்மரபே உணர்ந்திருந்தது.

ஈகை வேறு, நீதி வேறு என்ற தெளிவு இவ்விடத்து இன்றியமையாதது. ஈவது ஈவோனின் விருப்பம். நீதியோ உரியவனின் உரிமை. வழிப்போக்கனுக்குத் தண்ணீர் தருவதால் அவனது காணியைத் திருப்பிக் கொடுத்ததாகாது. காணாமற்போன மகனைத் தேடும் தாய்க்கு உணவுப் பொட்டலம் மறுமொழியாகாது. அவ்வாறு கொள்ளும்படி எவரேனும் கேட்பாராயின் அவரது ஈகை ஈகையன்று, பேரம். அதேபோல, நீதி கிடைக்கும்வரை ஒரு மிடறு நீரையும் ஏற்கமாட்டேன் எனக் கூறுபவரும் அவ்விரண்டையும் ஒன்றெனவே மயங்குகின்றார். கோப்பை கடன்தீர்த்த பற்றுச்சீட்டன்று என்பதை உறுதியாக அறிந்தவரே அதனைக் கூச்சமின்றி வாங்கி அருந்த இயலும்.

மோஸ் கூறிய மூன்றாவது கடப்பாடு எஞ்சியிருக்கின்றது. தன்சலில் அருந்திய வழிப்போக்கன் எதனைத் திருப்பிக் கொடுப்பான்? வெசாக்கை அண்டிய நாள்களில் வடக்கிலும் கிழக்கிலும் வேறொரு வீதியோர வழங்கல் நிகழ்கின்றது. இறுதிப்போரில் உயிர்காத்த உணவின் நினைவாக, முள்ளிவாய்க்கால் கஞ்சியைச் சந்திகளிலே காய்ச்சி, வருவோர் போவோர் அனைவர்க்கும் தமிழ் மக்கள் வழங்குகின்றனர். அங்கே மின்விளக்கும் இசையும் இல்லை; தேங்காய்ச் சிரட்டையில் வார்த்த கஞ்சி மட்டுமே உண்டு. அதுவும் பெயர் கேளாமல் நீட்டப்படும் உணவே. ஆனால் அதனை வழங்குதல் குற்றமாகக் கொள்ளப்பட்ட நாள்களும் இருந்தன. 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் கஞ்சி வழங்கியமை தொடர்பாகப் பெண்கள் உட்பட்டோர் கைதுசெய்யப்பட்டனர். எடுத்துக்கொண்ட வினா இங்குத் திசைமாறி நிற்கின்றது. தமிழன் ஏற்பானா என்பதோடு அது முடிவதில்லை. தெற்கிலிருந்து வரும் வழிப்போக்கன் அச்சிரட்டையை வாங்குவானா என்பதும் வினாவே. கொடுக்க மட்டும் அறிந்து ஏற்க அறியாத ஈகை, எத்துணை இனிமையாக நீட்டப்பட்டாலும், மேலிருந்து கீழ்நோக்கியே பாய்கின்றது.

அவ்வாறு ஏற்றவர்களும் உள்ளனர். 2022இல் கொழும்புக் காலிமுகத்திடலில் மக்கள் போராட்டம் நிகழ்ந்த காலை, வெசாக்குக்கு மூன்று நாள்களின் பின், மே 18ஆம் நாளன்று முள்ளிவாய்க்கால் நினைவு அனுட்டிக்கப்பட்டது. அங்கு பகிரப்பட்ட கஞ்சியைச் சிங்கள இளைஞரும் சமயத் துறவியரும் வாங்கி அருந்தினர். அதனால் ஒரு காணியும் விடுபடவில்லை. ஒரு வழக்கும் தீரவில்லை. எனினும் ஒரு துயரத்தைத் துயரமென்று ஏற்கும் செயல் அவ்விடத்து நிகழ்ந்தது. நீதி இன்னும் தொலைவில் இருக்கலாம். அதனை நோக்கிச் செல்லும் வழி அத்தகைய செயலிலிருந்தே தொடங்கும்.

வீதியில் உணவிடும் பௌத்த அறம் தமிழுக்குப் புதியதுமன்று. மணிமேகலைக் காப்பியம் புகார் நகரின் இந்திர விழாவோடு தொடங்கி, பசிப்பிணி தீர்க்கும் அமுதசுரபியைக் கையிலேந்திய பெண்ணொருத்தியின் கதையாக விரிகின்றது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றியவள் அவள். அப்பாத்திரத்தில் முதற் பிச்சையை இட்டவள் ஆதிரை என்பது மனங்கொள்ளத்தக்கது. ஊருக்கெல்லாம் உணவிடப்போகும் மணிமேகலை முதலில் மற்றொருத்தியின் கையிலிருந்து ஏற்க வேண்டியிருந்தது. ஏற்ற பின்னரே பாத்திரம் சுரந்தது.

எனவே, பிறர் விழாவினூடே செல்லும் வழிப்போக்கன் செய்யத்தக்கது இதுவே எனலாம். நீட்டப்படும் கோப்பையை வாங்கி அருந்துதல், தந்த சிறுவனுக்கு அவன் மொழியிலேயே நன்றி கூறுதல், மறக்கக்கூடாதவற்றை மறவாதிருத்தல், தன்னூர்ச் சந்தியில் தானும் ஒருநாள் பெயர் கேளாமல் ஒரு சிரட்டையை நீட்டுதல். கோப்பையை வெளியே ஊற்றியவரின் செயலை மட்டும் எவ்வகையாலும் ஏற்றுக்கொள்ள இயலாது. அவர் மறுக்கவுமில்லை, ஏற்கவுமில்லை, தந்தவனை ஏமாற்றினார். மறுத்தவரோடு வாதிடலாம், அவரது காயத்தை மதித்துக் காத்திருக்கவும் செய்யலாம். அடுத்த வெசாக்கிலும் அவ்வண்டி அச்சந்தியில் மறிக்கப்படும். அவர் கை நீளும் நாள் வருமா என்பது, வடக்கே வேறொரு சந்தியில் நீட்டப்படும் சிரட்டையை வாங்க எத்தனை கைகள் நீள்கின்றன என்பதையும் பொறுத்தது.