மதுத் தொழிற்சாலைக் கூலி தூயதோ?

திருக்கோணமலைத் துறைமுகத்தையடுத்த ஊர்களிலிருந்து வேலை நாடிக் கொழும்புக்குச் செல்லும் சைவ இளைஞனொருவனுக்குப் பியகமவிலுள்ள லயன் பியர்த் தொழிற்சாலையிலே வேலை கிடைக்கின்றதெனக் கொள்வோம். 1881இல் நுவரெலியாவிலே தொடங்கிய நிறுவனம் அது. அக்கூலியினின்றும் அவனிடும் காணிக்கை கோணேசர் சந்நிதிக்கு ஆகுமோ? அவன் பிள்ளைக்கு நாம் யாது கூறுவோம்?

முளைகட்டிய வாற்கோதுமையை வெந்நீரிலிட்டுச் சாறெடுத்தலும், அதனைக் காய்ச்சி மதுவமிட்டு நொதிக்கச் செய்தலும், போத்தலிலடைத்தலுமே அங்குள்ள தொழில். ஒழுங்கும் துப்புரவும் அதற்கு இன்றியமையாதன. உரிய நாளிற் சம்பளமும், சட்டப்படி சேமலாப நிதியும் உண்டு. ஆயினும், கள்ளுண்ணலைப் பெரும்பாதகங்களுள் ஒன்றாக நம் சமயம் எண்ணுதலின், செய்கையின் ஒழுங்கு அதன் பயனைத் தூயதாக்கமாட்டாது.

எனினும், குற்றம் அவனொருவனதன்று. குடிப்பாரிலராயிற் காய்ச்சுவாருமிலர். மதுவரியோ அரசிறையிற் சேர்கின்றது. 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அரசினர் பொறுப்பேற்ற சைவப் பாடசாலைகளின் ஆசிரியர் சம்பளமும் அவ்விறையினின்றே வருகின்றது. அவன் காணிக்கையை மறுப்போமாயின், நம் காணிக்கையையும் மறுத்தல் வேண்டும்.

ஆதலின், ஆசிரியன்மாரே, அப்பிள்ளையை வகுப்பிலே நாணச் செய்யாது, குடியின் கேட்டை எல்லார்க்கும் ஒப்ப உணர்த்துவோமாக. வேறு தொழில் வாய்க்குமேல் அதனை மேற்கொள்ளும்படி தந்தைக்கும் அன்போடு கூறுவோமாக.